பிடிபடாத சட்டை

திங்கட்கிழமை காலை, கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் பல் டாக்டர் ஒரு பெரிய பையோடு உள்ளே வந்துவிட்டார். வந்தவர் பையைக் கட்டிங் மேசைமேல் அப்படியே கவிழ்த்தார். பதினைந்து சட்டைகள் வழுக்கிக்கொண்டு விழுந்தன. ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை. நூல் பிரியவில்லை, எண் உரியவில்லை. துவைத்து மடித்து வைத்தால் புதுசு என்று சொல்லியே விற்றுவிடலாம்.

"நல்லாப் பாருங்கக்கா," என்றார் டாக்டர். "ஒண்ணுமே ஆகல பாருங்க. அதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது."

கிழிந்தது என்று சண்டைக்கு வருகிறவர்களைத்தான் தையல் கடை பார்த்திருக்கும். கிழியவில்லை என்று சண்டைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்குக் கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. காதுதான் விடைத்துக்கொண்டது.

அவளை எல்லோரும் நோண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும். சின்ன வயதில் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பரப்பி, அது எப்படி டிக்டிக் என்கிறது என்று பார்த்தவள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கோட்டு நுனியைத் திருப்பி உள்தையலைப் பார்த்தவள். மாப்பிள்ளை, பெண் தன் கையைத் தேடுகிறாள் என்று நினைத்துப் பூரித்துப்போனாராம். அந்த மனிதர்தான் இப்போது கடையின் பின்னறையில் பிரிண்ட் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார். கடையின் கணக்கு வழக்கு, விளம்பரம், பேச்சு எல்லாம் தங்கையின் கையில். துணி, வெட்டு, அளவு எல்லாம் நோண்டியின் கையில்.

"தோத்துட்டீங்களா டாக்டரம்மா?"

"தோத்தா பரவால்லயே. தோக்கறது எங்களுக்கு என்ன புதுசா? இது மானக்கேடுக்கா. நேத்து எதிர்ல ஆடினது பட்டியல்ல கடைசில கிடக்கற டீம். ஸ்க்ரம் போட்டா பொத்துனு விழறோம். எழுந்து மறுபடி போட்டா மறுபடி பொத்து. விசில் ஊதி ஊதி ரெஃபரிக்கே வாய் வலிச்சிருக்கும். தண்டனை எல்லாம் எங்க தலையில."

"சட்டையினாலயா?"

"முந்தின வாரம் வரைக்கும் எங்க ஸ்க்ரம் செவுரு மாதிரி நின்னுச்சு. உங்க புதுச் சட்டை வந்துச்சு, செவுரு சரிஞ்சுது. நடுவுல வேற என்னக்கா மாறிச்சு? நீங்களே சொல்லுங்க."

ரக்பி ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஸ்க்ரம் என்றால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு அணியிலும் எட்டுப் பேர் கும்பலாகக் குனிந்து, ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து, எதிரணியின் எட்டுப் பேரைத் தோளால் முட்டித் தள்ளுவார்கள். பந்து நடுவில் உருட்டிவிடப்படும். தள்ளி முன்னேறுகிறவர்களுக்குப் பந்து. முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பது இரண்டாம் எண், அதுதான் பல் டாக்டர். அவருக்கு இடப்பக்கம் ஒன்றாம் எண், வலப்பக்கம் மூன்றாம் எண். நடுவில் இருப்பவர் இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்கத்து ஆட்களையும் சேர்த்து அணைத்துக்கொள்வார். பகலில் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்கிற அதே கை.

இந்தக் கடை இந்த ஆட்டத்துக்குள் வந்ததற்குக் காரணமும் டாக்டர்தான். ஆஸ்பத்திரி உடுப்பு, பள்ளிக்கூட உடற்பயிற்சி உடுப்பு என்று தைத்துக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர், போகிறபோக்கில், "முரட்டுத்தனமா இழுத்தாலும் கிழியாத சட்டை தைப்பீங்களா?" என்று கேட்டுவைத்தார். நோண்டியிடம் அப்படிக் கேட்கலாமா? முதல் சட்டை முதல் ஆட்டத்திலேயே காலர் பிய்ந்து வந்தது. அடுத்தது தோள்பட்டையில். அதற்கடுத்தது விலாவில். நோண்டிக்குப் புதுச் சட்டையைவிடக் கிழிந்த சட்டைமேல்தான் ஆசை. கிழிசலை வெளிச்சத்தில் விரித்து, நூல் முதலில் விட்டதா துணி முதலில் விட்டதா என்று பார்ப்பாள். காலரை எடுத்தாள். தோள்தையலை முதுகுக்கு நகர்த்தினாள். விலாத் தையலை இரட்டையாக்கினாள். ஒரு கிளப், நான்கு கிளப் ஆனது. ஓரறைக் கடை, ஓட்டுக்கூரை ஷெட் ஆனது. தங்கை பெயர்ப் பலகை மாட்டினாள்: 'திமிர்'. விளையாட்டு உடுப்புக்குத் திமிர் என்று பெயரா என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நெஞ்சில் அந்த எழுத்தோடு ஆட ஒரு பெண்ணும் மறுக்கவில்லை.

அப்புறம்தான் டாக்டர் இன்னொரு குறை சொன்னார். "பந்தை எடுத்துக்கிட்டு ஓடறப்போ பின்னாடியிருந்து சட்டையப் பிடிச்சு இழுத்துடறாங்கக்கா." அவ்வளவுதான் சொன்னார். நோண்டி ராவும் பகலும் அதையே நோண்டி, உடம்போடு ஒட்டுகிற, விரல் வைத்தால் நழுவுகிற ஒரு சட்டையைச் செய்து முடித்தாள். பிரிண்ட் அறையிலிருந்த கணவர் அதைக் கையால் பிடிக்கப் பார்த்துப் பார்த்து, "இது சட்டை இல்லம்மா, விலாங்கு மீன்," என்றார். பெயர் நிலைத்துவிட்டது. தங்கை நோட்டீசே அடித்துவிட்டாள்: 'விலாங்கு. யாராலும் பிடிக்க முடியாது.' அந்த நோட்டீசைப் பார்த்துத்தான் ரக்பி சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். எட்டு கிளப்புக்கும் ஒரே இடத்தில் சட்டை வாங்கப்போகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் அணி ஆடுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். அதை நம்பி ஷெட்டில் புதிதாகப் பெண்களை வேலைக்கு எடுத்தாயிற்று.

அதனால்தான் தங்கைக்கு முகம் வெளிறியது.

"டாக்டர், ஒரே ஒரு ஆட்டந்தானே. ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

"பல்லைக் கடிக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். எங்கிட்டயே சொல்றீங்களா?" டாக்டர் சிரிக்காமல் சொன்னார். "இதப் போட்டுக்கிட்டு என் டீம் இறங்காது. பழைய சட்டைதான். செயலாளர் ஏன்னு கேட்டா உள்ளதச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் போனதும் தங்கை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "முடிஞ்சுது. மாமா, நீங்க பாட்டுக்கு மெஷினை ஆஃப் பண்ணிட்டு வாங்க. எல்லாரும் சேர்ந்து அழலாம்."

நோண்டி அழுகிற மனநிலையில் இல்லை. மூன்றாம் எண் சட்டையை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ஏன் விழுந்தாங்க?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"தோள்ல இறுக்கமா இருந்திருக்கும்," என்றாள் தங்கை.

அளந்து பார்த்தாள். தோள் சரியாகவே இருந்தது.

"ஷூ வழுக்கியிருக்கும்."

"முந்தின வாரமும் அதே ஷூதானே?"

"அப்போ கண்ணுபட்டிருக்கும். விடுக்கா!"

நோண்டி விடவில்லை. "இங்கயே ஒண்ணு போட்டுப் பாப்போம்," என்றாள்.

"என்னத்தை?"

"ஸ்க்ரம்."

கொஞ்ச நேரத்தில் ஷெட்டின் நடுவே இருந்த மேசைகள் ஓரமாகப் போயின. நோண்டி நடுவில். ஒரு பக்கம் தங்கை, மறுபக்கம் கணவர். மூவரும் விலாங்குச் சட்டை போட வேண்டும் என்று நோண்டி அடம் பிடித்தாள். கணவருக்கு இருந்ததிலேயே பெரிய சட்டை கொடுத்தும் அது தொப்பைக்கு மேலே வந்து நின்றுகொண்டது.

"ஏம்மா, இது இறங்காதா?"

"மூச்ச உள்ள இழுங்க."

"இழுத்தா வெளிய விட முடியுமா? அதச் சொல்லு முதல்ல."

எதிரணிக்கு ஓவர்லாக் மெஷின் பெண்கள் மூன்று பேர் முன்வந்தார்கள். முதலாளிகளை முட்டித் தள்ளலாம் என்றதும் அவர்களுக்கு வந்த சுறுசுறுப்பு சம்பள நாளில்கூட வந்ததில்லை. செக்கிங் பெண் ரெஃபரி. விசில் இல்லாததால் கை தட்டினாள்.

முட்டினார்கள். நோண்டி இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்திருந்தாள், பிடித்திருந்தாள் என்றுதான் நினைத்தாள். எதிரில் இருந்தவர்கள் ஒரு அழுத்து அழுத்தினார்கள். வலப்பக்கம் இருந்த கணவர் சோப்புக்கட்டி மாதிரி அவள் கையிலிருந்து நழுவி, சுழன்று, துணி மூட்டைகளுக்கு நடுவே போய் விழுந்தார். அவருக்கு எதிரே இருந்த பெண்ணும் அவர்மேலேயே சரிந்தாள். ஷெட்டே சிரித்தது.

"சார், மன்னிச்சுக்கங்க சார்!"

"பரவால்லம்மா. எழுந்திருக்கறப்போ மட்டும் தொப்பையில கை ஊணாதே."

நோண்டி சிரிக்கவில்லை. தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, என் கை உங்களப் பிடிக்கவே இல்லைங்க."

"அது கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியுமே," என்றார் அவர் மூட்டைக்கு நடுவிலிருந்து.

"ஐயோ, விளையாடாதீங்க. எதிராளி பிடிக்கக் கூடாதுன்னு வழுக்க வெச்சேன். கூட நிக்கறவ எப்படிப் பிடிப்பா? டாக்டரம்மா கை மட்டும் தனியாவா செஞ்சிருக்கு?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். பதினைந்து பேர் ஆட்டத்தில் ஒருவரையொருவர் பிடிக்க வேண்டியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. சட்டையைத் தனித்தனியாக வெட்டி, தனித்தனியாகத் தைத்து, தனித்தனியாக பொம்மைக்குப் போட்டுப் பார்த்தவர்கள். பொம்மை யாரைக் கட்டிப் பிடிக்கும்?

"அவ்வளவுதானே?" என்றாள் தங்கை, உயிர் திரும்பியவளாக. "நம்ம ஆளு பிடிக்கற இடத்துல சொரசொரப்பா துணி வெச்சிடு. எதிராளி பிடிக்கற இடத்துல வழவழன்னு இருக்கட்டும். விலாங்குக்கு விலாங்கு, பிடிக்குப் பிடி. நோட்டீசைக்கூட மாத்த வேணாம்."

"எது எந்த இடம்னு எப்படித் தெரியும்?"

"டாக்டரக் கேளு."

கேட்டார்கள். டாக்டர் போனிலேயே கையை ஆட்டிக் காட்டினார் போலிருக்கிறது. "இங்க, இல்ல, கொஞ்சம் கீழ, இப்படி வளைச்சு," என்றதில் ஒன்றும் விளங்கவில்லை. கை தானாகச் செய்கிற வேலையை வாயால் சொல்ல வராது. நோண்டிக்குத் தன் மேசைமேலேயே விடை இருந்தது. துணியில் கோடு போடுகிற தையல் சாக்கட்டி. நீலம் ஒரு பெட்டி, சிவப்பு ஒரு பெட்டி. இரண்டையும் உரலில் போடாத குறையாக இடித்துத் தூளாக்கினாள்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் பயிற்சி. டாக்டரின் அணியினர் எல்லோருக்கும் வெள்ளைப் பருத்திச் சட்டை. அவர்கள் உள்ளங்கையில் நீலத்தூள். எதிரே முட்டுவதற்கு அதே கிளப்பின் இரண்டாம் அணி. அவர்கள் கையில் சிவப்புத்தூள். மூன்றாம் எண்காரி ஒரு பேக்கரி நடத்துகிறவள், மாவு மூட்டையைத் தோளில் போட்டு மாடியேறுகிற உடம்பு. தூளைக் கையில் தடவிக்கொண்டே முகர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இத ரொட்டில போடலாமா?"

"போட்டா டாக்டரம்மாவுக்கு நல்ல வருமானம்," என்றாள் நோண்டி.

"அரட்டை அடிக்காம முட்டுங்கடி!" என்றார் டாக்டர்.

முட்டினார்கள். புல் பெயர்ந்தது. பக்கவாட்டிலிருந்து நோண்டி இதற்கு முன் ஸ்க்ரம்மை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மாட்டுச் சண்டை. கிட்டத்தில் பார்த்தால் ஒரே கையாட்டம்: கைகள் தேடின, கவ்வின, விட்டன, மறுபடி கவ்வின. ஒரு கை இங்கே பிடி தளர்ந்தால் அங்கே ஒரு முழங்கால் மடங்கியது. அவள் புல்லில் மண்டியிட்டு, கடைசியில் குப்புறப் படுத்தே பார்த்தாள். தங்கைதான் வெட்கப்பட்டு, "அக்கா, எல்லாரும் பாக்கறாங்க," என்று புடவையை இழுத்துவிட்டாள்.

பயிற்சி முடிந்ததும் முன்வரிசையின் சட்டைகளை வேலிக்கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். பார்க்கப் பார்க்க அழகு. யாரோ கை முழுக்கச் சாயம் வைத்துக்கொண்டு கோலம் பழகியதுபோல. ஒன்றாம் எண்ணில் டாக்டரின் நீலக்கை அக்குளுக்குக் கீழே பளிச்சென்று விழுந்திருந்தது. டாக்டரின் சட்டையில் இரண்டு பக்கமும் நீலம். சிவப்பு அவர்மேல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

மூன்றாம் எண்ணில்தான் நோண்டி நின்றுவிட்டாள். பேக்கரிக்காரியின் வலது விலாவில், டாக்டர் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து பிடித்த நீலக்கை இருந்தது. அதற்கு மேலேயே, அதே இடத்தில், எதிரே நின்றவளின் சிவப்புக்கையும் இருந்தது. இரண்டும் கலந்து கத்தரிப்பூ நிறமாகியிருந்தது.

"போச்சுடா," என்றாள் தங்கை. "நம்ம ஆளும் இங்கயே, எதிராளியும் இங்கயேவா? சொரசொரப்பு வெச்சா அவளுக்கும் வசதி. வழவழப்பு வெச்சா டாக்டருக்கும் போச்சு. துணிக்கு என்ன கண்ணா இருக்கு, ஆளப் பாத்து வழுக்கறதுக்கு?"

நோண்டி விரலை அந்தக் கத்தரிப்பூக் கறைமேல் வைத்தபடி கேட்டாள். "டாக்டரம்மா, எதிர்ல நிக்கறவ இங்க ஏன் பிடிக்கறா? திருட்டுத்தனமாவா?"

"திருட்டா? பிடிச்சே ஆகணும்க்கா. சட்டமே அதான். எதிர் எதிர்ல நிக்கற ரெண்டு பேரும் ஒருத்தர் சட்டைய ஒருத்தர் கெட்டியாப் பிடிச்சுக்கணும். இல்லன்னா தோள் நழுவி ரெண்டு பேரும் மூஞ்சி குப்புற விழுவாங்க. பின்னாடி இருக்கறவங்க தள்ளற தள்ளுல கழுத்து என்னாவறது?"

மைதானத்தில் யாரோ பந்தை உதைத்த சத்தம் கேட்டது. நோண்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்போ சிவப்பும் பிடிக்கணும்."

"பின்னே?"

"ஞாயித்துக்கிழமை அவங்க பிடிக்க முடியாமத்தான் விழுந்தீங்க. நீங்க மட்டுமில்ல, அவங்களும் விழுந்தாங்க."

"ஆமா, எல்லாரும்தான் விழுந்தோம்."

"இத ஏன் எங்கிட்ட முதல்லயே சொல்லல?"

டாக்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீங்க கேக்கலையேக்கா."

உலகத்தில் எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி, எதற்கு என்று கேட்டு எல்லோர் உயிரையும் வாங்குகிறவளிடம் வந்து, நீ கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? ஓடுகிறவளின் சட்டையை யார் இழுத்தார்கள் என்று நோண்டி துருவித் துருவிக் கேட்டாள். ஓடாமல் நிற்கிறவளின் சட்டையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்கவில்லை. பேக்கரிக்காரி கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தடித்த, மாவு மூட்டை சுமந்து காய்த்த கழுத்து. நோண்டிக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?"

"எனக்கென்னக்கா? எதிர்ல நின்ன பொண்ணுதான் பாவம், விழறப்போ எனக்கு அடியில மாட்டிக்கிட்டா. எழுந்து பத்து நிமிஷம் எம்பேரே சொன்னா."

"உம்பேரா? எதுக்கு?"

"திட்டறதுக்கு."

அன்றைக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் அக்காவுக்கும் தங்கைக்கும் வாக்குவாதம்.

"முன்வரிசை மூணு பேருக்கும் பிடிமானத் துணி வெக்கறேன். ரெண்டு விலாவுலயும், முதுகுலயும். யார் பிடிச்சாலும் பிடிபடட்டும்."

"யாராலும் பிடிக்க முடியாதுன்னு ஊர் பூரா நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்க்கா!"

"கிழிச்சுடு."

"லேசா சொல்லிட்டே. செயலாளர்கிட்ட நான்தான் போய் நின்னு பேசினேன், நீயா பேசினே? அவர் கண்ணு முன்னாடி கையால பிடிச்சுக் காட்டி, பாருங்க சார் வழுக்குதுன்னு சிரிச்சேன். இப்போ போய், வழுக்கினா கழுத்து முறியும் சார்னு சொல்லவா?"

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா இன்னும் மோசம். உள்ளத அப்படியே சொல்லுவே."

"வேற எப்படிச் சொல்றதாம்?"

தங்கை வண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குப் போகாமல் அவளும் நேரே ஷெட்டுக்குத்தான் வந்தாள். துவாலை தைக்க வாங்கி மிச்சமான ஒரு சுருள் துணி பரண்மேல் கிடந்தது. தேன்கூடு மாதிரி குழி குழியாக நெய்தது, விரல் வைத்தால் பதிந்து நிற்கும். தங்கையே ஏணி போட்டு ஏறி அதைத் தள்ளிவிட்டாள். அது கணவரின் காலருகே விழுந்தது.

"என்னைத் தள்ளறதே உங்க குடும்பத்துக்கு வேலையாப் போச்சு," என்றார் அவர்.

நீலம் விழுந்த இடம், சிவப்பு விழுந்த இடம் எல்லாவற்றையும் காகிதத்தில் ஒற்றியெடுத்து, அந்த வடிவத்துக்குத் துணியை வெட்டினாள் நோண்டி. இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்களுக்கு மூன்று விதம். ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது. பின்னால் நின்று தள்ளுகிற ஐந்து பேருக்கு வழுக்காத பழைய சட்டை, ஓடுகிறவர்களுக்கு மட்டும் விலாங்கு. வியாழக்கிழமை பயிற்சியில் பேக்கரிக்காரி போட்டுப் பார்த்து, "அக்கா, இதுல எதிராளி என்னை நல்லாப் பிடிப்பாளே," என்றாள்.

"ஆமாம்மா."

"பிடிக்கட்டும். பிடிச்சுத் தூக்கிடுவாளா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் செயலாளர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லி. பக்கத்தில் இன்னொரு பெரிய கம்பெனியின் ஆள், பளபளப்பான மாதிரிச் சட்டைகளோடு. நோண்டி அந்த ஆளின் சட்டையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்ட, தங்கை கிள்ளினாள்.

முதல் ஸ்க்ரம். நோண்டி மூச்சு விடவில்லை. குனிந்தார்கள், பிடித்தார்கள். டாக்டரின் விரல்கள் பேக்கரிக்காரியின் விலாவில் அழுந்திப் பதிந்தன. எதிர் அணிக்காரியின் கை ஒரு கணம் தடுமாறி, அதே தேன்கூட்டுத் துணியைக் கவ்வியது. முட்டினார்கள். பதினாறு பேர் சேர்ந்து ஒரு முனகல் முனகினார்கள். யாரும் விழவில்லை. மெதுவாக, பாரமேற்றிய வண்டி மேட்டில் நகர்கிற மாதிரி, டாக்டரின் அணி நகர்ந்தது.

"ஏங்க, நிக்குதுங்க," என்றாள் நோண்டி.

"எனக்கே கண்ணு இருக்கு. நீ மூச்ச விடு."

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் நேரே மூன்றாம் எண்ணிடம் போய், விலாத்துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பேக்கரிக்காரி கூச்சத்தில் நெளிந்தாள். அப்புறம் அக்கா தங்கையிடம் வந்தார்.

"யாராலும் பிடிக்க முடியாதுன்னீங்க. இது பிடிபடுதே?"

தங்கை வாயைத் திறந்தாள். நல்ல பேச்சுக்காரி, எதையாவது அழகாகச் சொல்லிச் சமாளித்திருப்பாள். ஆனால் என்ன தோன்றியதோ, வாயை மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

"அது தப்பு சார்," என்றாள் நோண்டி. "போன வாரம் நான் குடுத்த சட்டைல முன்வரிசைக்காரங்க ஒருத்தரையொருத்தர் பிடிக்க முடியாம விழுந்தாங்க. ரெண்டு பக்கமும் விழுந்தாங்க. யாருக்கும் அடிபடாதது எங்க அதிர்ஷ்டம். அதான் மாத்திட்டேன். ஓடறவங்களுக்கு வழுக்கலாம், முட்டறவங்களுக்கு வழுக்கக் கூடாது."

செயலாளர் பெரிய கம்பெனி ஆளிடம் திரும்பினார். "உங்ககிட்ட இப்படி மூணு விதமாக் கிடைக்குமா?"

"எங்களுக்கு எல்லா நம்பருக்கும் ஒரே வெட்டுதான் சார். மூணு பேருக்காகத் தனியா ஓட்டினா கட்டுப்படியாகாது."

செயலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதே ஒல்லிப் பேச்சில் முடித்தார். மற்ற எண்கள் எல்லாம் பெரிய கம்பெனிக்கு. எட்டு கிளப்பின் முன்வரிசைச் சட்டை மட்டும் இவர்களுக்கு. நிறம் மட்டும் அவர்கள் நிறத்தோடு பொருந்த வேண்டும்.

வண்டியில் ஏறியதும் தங்கை பொரிந்து தள்ளினாள். "மூணே மூணு நம்பர்! பந்தி மொத்தமும் நமக்குன்னு இருந்தேன், ஓரத்துல ஒரு இலை போட்டுட்டுப் போறாரு மனுஷன்."

"மாத்தாள் சட்டையும் இருக்குல்ல," என்றார் கணவர். "எட்டு கிளப்புக்கும் சேர்த்தா ஷெட்டுக்கு வேலை இருக்கும். புதுப் பொண்ணுங்கள நிறுத்த வேண்டியதில்ல."

"அது சரி. ஆனா அவங்க சட்டை நிறத்துக்கு நாம சாயம் போடணுமாம். யாரோ கல்யாணத்துக்கு நாம மாலை கட்டற மாதிரி." பிறகு, "அக்கா, அந்த மூணு நம்பரும் வேற எவனுக்கும் தைக்கத் தெரியாதுல்ல?" என்றாள்.

"இப்போதைக்கு எனக்கே அரைகுறையாத்தான் தெரியும்," என்றாள் நோண்டி. "ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும்."

"அப்போ நோட்டீசுல என்ன போடறது?"

"சைஸ் சொல்லாதீங்க, நம்பர் சொல்லுங்கன்னு போடு."

தங்கை போனை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது.

அடுத்த வாரம் அளவு கொடுக்க முதலில் வந்தது, முன்பு டாக்டர் அணியோடு மோதி விழுந்த அந்தக் கடைசி இடத்து கிளப். அதன் ஒன்றாம் எண்காரி தபால் பட்டுவாடா செய்கிறவள். உயரம் குறைவு, தோள் அகலம். உள்ளே வந்ததும் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"நெஞ்சளவு எடுக்கலையாக்கா?"

"அது அப்புறம். முதல்ல உன்னை யார் யார் பிடிப்பாங்க, நீ யார் யாரைப் பிடிப்பே, அதச் சொல்லு."

"எனக்கு எதிர்ல நிக்கறது உங்க பேக்கரிக்காரிதான். அவளில்லாம நான் எப்படிக் காட்டறது? கூப்பிடுங்க அவளை."

கூப்பிட்டதும் பேக்கரிக்காரி மாவுக் கையோடேயே வந்துவிட்டாள். சாக்கட்டித் தூளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தையல் மெஷின்களுக்கு நடுவில் இருவரும் குனிந்து, தோளோடு தோள் வைத்து, கைகளால் ஒருவர் விலாவை ஒருவர் துழாவினார்கள்.

"இன்னும் மேல பிடிடி," என்றாள் தபால்காரி.

"அங்க கூசும்."

"அன்னைக்கு என்மேல விழுந்தப்போ கூசலையா?"

நோண்டி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இருவருக்கும் அடியில் குனிந்தாள். "அசையாதீங்க ரெண்டு பேரும். ஏம்மா தபாலு, உன் கட்டை விரல் மட்டும் ஏன் உள்பக்கமாத் திரும்புது?"